"வர்ணனை இருக்கிறது, பகுப்பாய்வு இல்லை" என்று ஒப்படை திரும்பி வந்துவிட்டது. ஒரு விளம்பரத்தை எப்படி வாசிப்பது?

ஆரையூர்க்காரி

வணக்கம். நான் ஆரையம்பதி, ஊடகக் கற்கை முதலாம் வருடம். ஒரு அச்சு விளம்பரத்தை எடுத்து, அது வந்த சஞ்சிகையையும் சேர்த்துப் பகுப்பாய்வு செய்யச் சொல்லி ஒரு ஒப்படை தந்தார்கள். நான் எடுத்தது பால்மா விளம்பரம். பெண்களுக்கான ஒரு தமிழ்ச் சஞ்சிகையின் தைப்பொங்கல் இதழில் பின்னட்டை முழுக்க வந்தது. ஒரு முற்றம், கோலம், மண்பானையில் பால் பொங்கி வழிகிறது, இரண்டு பக்கமும் கரும்பு. பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக அம்மா குனிந்து பானையைப் பார்க்கிறார், மகளும் மகனும் அவரோடு ஒட்டி நிற்கிறார்கள், அப்பா வேட்டி சால்வையோடு கொஞ்சம் பின்னால் தூணடியில் நின்று சிரிக்கிறார். மேலே பெரிய எழுத்தில் "நேசம் பொங்கட்டும்". கீழே வலது மூலையில் பால்மாப் பெட்டி.

ஏழு பக்கம் எழுதினேன். படத்தில் இருப்பதை எல்லாம் எழுதி, சிவப்பு என்றால் அன்பு, மஞ்சள் என்றால் மங்களம், பச்சை என்றால் வளம் என்று நிறங்களுக்குப் பொருள் போட்டு, பிறகு ஊடகக் கோட்பாட்டாளர்களான ரோலன் பார்த், ஸ்டுவர்ட் ஹோல், லோரா மல்வி மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பந்தி, கடைசியில் எய்டா அட்டவணை (கவனம், ஆர்வம், விருப்பம், செயல்). திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரே ஒரு வரி: "வர்ணனை இருக்கிறது, கோட்பாடு இருக்கிறது, பகுப்பாய்வு இல்லை." என்ன குறை என்று கேட்கப் போனேன், நேரமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு கிழமைக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். மூன்று நாள் நூலகத்தில் இருந்து எழுதியது, அதனால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கோட்பாட்டையும் படத்தையும் எப்படிச் சேர்ப்பது? சஞ்சிகை பற்றி என்ன எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை

மகள், நான் கல்லடிப் பக்கம் உயர்தரத்துக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிப்பிக்கிறேன். நீங்கள் சொன்ன அதே பிழையை வருடா வருடம் விடைத்தாளில் பார்க்கிறேன். பிள்ளைகளில் பிழையில்லை, நாங்கள் குறிப்பாகக் கொடுப்பதையே அவர்கள் திருப்பி எழுதுகிறார்கள்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் அன்பு என்று எங்கே எழுதியிருக்கிறது? அதே சஞ்சிகையில் இரண்டு பக்கம் தள்ளி "50 வீதம் கழிவு" என்று ஒரு புடைவைக் கடை விளம்பரம் வந்திருந்தால் அதுவும் சிவப்பாகத்தான் இருக்கும், அங்கே அது அன்பு இல்லை, அவசரம். ஒரு குறி (பொருள் தருகிற நிறம், படம், சொல் எதுவானாலும்) தனியாக நின்று பொருள் தராது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் தரும். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழி, ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்ப்பது. மண்பானையை எடுத்துவிட்டு எங்கள் வீடுகளில் இருக்கும் அலுமினியப் பானையை வையுங்கள். என்ன குறைகிறது? பால் அதே பால்தான், ஆனால் "பழமை", "கலப்படமில்லாதது" என்ற நினைப்புப் போய்விடும். அப்படியென்றால் அந்தப் பெட்டியில் அடைத்த தூளுக்குப் பழமையைக் கொண்டுவந்து கொடுப்பது மண்பானைதான். இதை எழுதினால் அது பகுப்பாய்வு. "மண்பானை உள்ளது" என்பது வர்ணனை. மல்லிகையை எடுத்துப் பாருங்கள், தூணை எடுத்துப் பாருங்கள், அப்பாவை அம்மா நிற்கிற இடத்தில் வைத்துப் பாருங்கள்.

பார்த் 1964இல் எழுதிய கட்டுரையில் செய்ததும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பான்சானி என்ற பிரெஞ்சுக் கம்பனியின் விளம்பரம் அது. சந்தையிலிருந்து வந்த வலைப் பையிலிருந்து பாஸ்தா பக்கற்றும் தகரப்பேணியும் தக்காளியும் வெங்காயமும் குடைமிளகாயும் வெளியே தெரிகின்றன, பின்னணி சிவப்பு. திறந்த பை "இப்போதுதான் சந்தையால் வந்தது" என்கிறது, அந்தப் புதுமை தகரத்தில் அடைத்த சாமானிலும் ஒட்டிக்கொள்கிறது. பெயரும் நிறங்களும் சேர்ந்து "இத்தாலித்தன்மை" என்ற ஒன்றை உண்டாக்குகின்றன. இங்கே பார்த் ஒரு விஷயத்தை மிகக் கூர்மையாகப் பார்க்கிறார். அந்தப் பெயரில் தெரிகிற இத்தாலித்தன்மை ஒரு இத்தாலியருக்கு அவ்வளவாகத் தெரியாது, பிரெஞ்சுக்காரர் இத்தாலியைப் பற்றித் தங்கள் மனசில் வைத்திருக்கும் படம் அது என்கிறார். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உங்கள் பொங்கல் படத்துக்குத் திரும்பி வாருங்கள். அந்த முற்றம் யாருடைய மனசில் இருக்கும் தமிழ் வீடு?

"நேசம் பொங்கட்டும்" என்ற வரியை விட்டுவிட வேண்டாம். படம் நாலு பக்கமும் அலையவிடும், எழுத்து ஒரு பக்கம் கட்டிப்போடும், பார்த் இதை நங்கூரமிடுதல் என்கிறார். பொங்குவது பால், எழுத்து அதை நேசம் என்கிறது, அப்போது பெட்டிக்குள் இருப்பது நேசம் என்று ஆகிவிடுகிறது. விலைக்கு வாங்கக்கூடிய நேசம். தமிழில் பொங்குதல் பாலுக்கும் வரும், மனசுக்கும் வரும் என்பதால்தான் இது வேலை செய்கிறது. இதே விளம்பரம் சிங்களத்திலும் வந்திருந்தால் தேடி எடுத்துப் பாருங்கள், அங்கே தலைப்பு வேறாகத்தான் இருக்க வேண்டும்.

நேர்ப்பொருள் (படத்தில் நேராகத் தெரிவது), குறிப்புப்பொருள் (அது நினைக்க வைப்பது) என்ற சொற்கள் பயமுறுத்தினால், உயர்தரத்தில் தமிழ் படித்திருப்பீர்களே, சங்கப் பாட்டின் உள்ளுறையை நினைத்துக்கொள்ளுங்கள். தலைவி குருகையும் ஆரல் மீனையும் பற்றிச் சொன்னால் அவள் பறவையைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். நிலமும் கருப்பொருளும் தெரிந்தவருக்குத்தான் அது திறக்கும். விளம்பரமும் அப்படி ஒரு பொது அறிவை நம்பித்தான் நிற்கிறது.

மல்வியை எடுத்துவிடுங்கள். 1975இல் அவர் எழுதியது சினிமாவைப் பற்றி, பெண் உடல் பார்வைக்கு வைக்கப்படுவதைப் பற்றி. உங்கள் படத்தில் அம்மா அப்படி வைக்கப்படவில்லை. இதற்குச் சமூகவியலாளர் கொஃப்மன்தான் பொருத்தம். விளம்பரங்களில் ஆணும் பெண்ணும் எப்படி நிற்கிறார்கள் என்று நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கிப் பார்த்தவர். குடும்பப் படங்களில் அப்பா மற்றவர்களின் வட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே, காவல் நிற்பவர் மாதிரி நிற்பார் என்று எழுதியிருக்கிறார். உங்கள் தூணடி அப்பா அப்படியே அங்கே நிற்கிறார்!

எய்டாவையும் விடுங்கள். அது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் விற்பனையாளர்களுக்காக வந்த சூத்திரம். விற்கிறவருக்கு உதவும், வாசிக்கிற உங்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

அச்சுக்கூடம்

நான் மட்டக்களப்பு டவுனில் ஒரு பிரெஸ்ஸில் பக்க வடிவமைப்புச் செய்கிறேன், பதினெட்டு வருடம். சேர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் பல்கலைக்கழகப் பிள்ளைகள் எழுதுகிற பகுப்பாய்வுகளில் தாள், மை, காசு மூன்றும் வருவதே இல்லை, அது எனக்கு எப்போதும் குறையாகத்தான் தெரிகிறது.

தங்கச்சி, விளம்பரம் பின்னட்டையில் வந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அதிலேயே ஒரு பக்கம் எழுதலாம். பின் குத்திய சஞ்சிகையில் அட்டை வேறு, உள் வேறு. அட்டை மொத்தமான பளபளப்புத் தாள், நாலு நிறத்தில் தனியாக அடித்து எடுப்போம். உள் பக்கங்கள் பெரும்பாலும் மெல்லிய தாளில் ஒரு நிறம்தான். ஆகவே ஒரு சின்னச் சஞ்சிகையில் நல்ல நிறம் கிடைக்கும் இடம் நாலே நாலு பக்கம்: முன்னட்டை, அதன் உள்பக்கம், பின்னட்டையின் உள்பக்கம், பின்னட்டை. முன்னட்டை சஞ்சிகையின் முகம். மிச்சம் மூன்றுக்கும்தான் கம்பனிகள் காசு கொடுக்கும், அதில் பின்னட்டைக்குத்தான் கூடுதல் காசு. ஏனென்றால் மேசையில் கவிழ்த்து வைத்தாலும் அது தெரியும், பஸ்ஸில் ஒருவர் விரித்துப் படித்தால் எதிரில் இருப்பவர் பார்ப்பதும் அதைத்தான். வாங்காதவர்களும் பார்க்கிற பக்கம். நேசம் பொங்குகிற அந்தச் சிவப்பும் மஞ்சளும் உள்ளே கறுப்பு வெள்ளையில் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசியுங்கள். உள்ளே சமையல் குறிப்பு மங்கல், வாசகர் கடிதம் மங்கல், ஒளி முழுக்க விற்பனைச் சாமானில்.

சஞ்சிகைக்கு நான் சொல்லும் வேலை இது. இதழை முதலிலிருந்து கடைசி வரை புரட்டி, எத்தனை பக்கம் விளம்பரம் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று குறியுங்கள். "முகத்தில் கருமை நீங்க" என்று கட்டுரை ஒரு பக்கம், முகப்பூச்சுக் கிறீம் மறுபக்கம் என்று வந்திருந்தால் அது தற்செயல் இல்லை. கட்டுரை பயத்தைக் கொடுக்கிறது, எதிர்ப்பக்கம் மருந்தை விற்கிறது. சில நேரம் அந்தக் கட்டுரையே கம்பனி எழுதிக் கொடுத்ததாக இருக்கும், "விளம்பரம்" என்ற சொல் மேலே மூலையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது.

பிறகு ஒப்பிட எங்கள் பக்கச் சஞ்சிகை ஒன்றையும் எடுங்கள். மட்டக்களப்பில் வரும் மகுடம் இருக்கிறது, கோயில் கும்பாபிஷேக மலர்கள் இருக்கின்றன, பாடசாலை ஆண்டு மலர்கள் இருக்கின்றன. மலர்களில் விளம்பரம் எப்படி இருக்கும்? "மலர் சிறப்புற வாழ்த்துகிறோம்", கீழே கடையின் பெயர், தொலைபேசி இலக்கம், ஒரு பூக்கட்டம். படமில்லை, ஆசை காட்டுவதில்லை. அந்தக் கடைக்காரர் சாமான் விற்பதற்காக அதைக் கொடுக்கவில்லை. ஊர்க் காரியத்துக்குத் தானும் நின்றேன் என்று பெயர் பதிகிறார். நான் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கிறேன், எந்தக் கடை எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்பதில் மலர்க்குழுவுக்குள் சண்டை வந்து இரவு பதினொரு மணிக்குப் பக்கம் மாற்றியிருக்கிறேன். முதல் பக்கத்தில் பெயர் வருவது மரியாதை. அதுவும் ஒரு குறிதானே. பழையவற்றைப் பார்க்க நூலகம் இணையத்தளம் இருக்கிறது, 2005இல் தொடங்கியது, மல்லிகை, சிரித்திரன் போன்ற பழைய சஞ்சிகைகளை எல்லாம் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், கடை விளம்பரம் உட்பட.

சம்மாந்துறை வாசகி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். "யாருடைய மனசில் இருக்கும் தமிழ் வீடு" என்று சேர் கேட்டதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தங்கச்சி, எங்களுக்கும் இதே கதைதான். நோன்பு மாதம் வந்தால் பத்திரிகையில் எல்லாம் ஒட்டகமும் பாலைவனமும் ஈச்சமரமும். நான் பிறந்த ஊரில் சுற்றிவர வயல். நோன்பு திறக்கிற நேரம் எங்கள் வீட்டு மேசையில் கஞ்சியும் சம்போலும் இருக்கும், பேரீச்சம்பழம் இருக்கும்தான், ஆனால் ஒட்டகத்தை என் உம்மா படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார். விளம்பரக்காரருக்கு முஸ்லிம் என்றால் அரபு நாடு, தமிழர் என்றால் தமிழ்நாட்டு அக்ரகாரமோ செட்டிநாட்டு வீடோ. கிழக்கில் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ அருகருகே இருந்து ஒரே மொழி கதைக்கிற இந்த ஆட்கள் அந்தப் படம் எதிலும் இல்லை.

நீங்கள் தேட வேண்டியது, படத்தில் என்ன இல்லை என்பதையும்தான். தை மாதம் ஆரையம்பதியில் வானம் எப்படி இருக்கும்? எங்களுக்கு வடகீழ்ப் பருவமழைக் காலம். 2011 தையில் மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள், நாங்கள் பாடசாலைக் கட்டடத்தில் பொங்கல் நாளைக் கழித்த தமிழ்க் குடும்பங்களோடு சேர்ந்து இருந்தோம். அந்தப் படத்தில் முற்றம் காய்ந்து செம்மண் பறக்கிற மாதிரி இருந்தால் அது எந்த ஊர் தை?

படுவான்கரை

கோபிக்க வேண்டாம், எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து. கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் மூன்று வருடம் தமிழ் எழுத்து வேலை செய்துவிட்டு வந்தவன் நான். அந்தப் படம் அப்படி இருப்பதற்குக் காரணம் யாருடைய சித்தாந்தமும் இல்லை. நாளைக்குப் பத்திரிகைக்குப் போக வேண்டும், தமிழ்ப் பொங்கலுக்குப் படம் வேண்டும், புதிதாகப் படம் பிடிக்கக் காசில்லை, படங்கள் விற்கும் இணையத்தளத்தில் "பொங்கல்" என்று தேடினால் வருவதெல்லாம் இந்தியப் படம். எடுத்து ஒட்டுவார்கள். தலைப்பு முதலில் ஆங்கிலத்தில் வரும், பிறகு சிங்களம், கடைசியில் எங்களிடம் வரும். தமிழ் நீளும், ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காது, எழுத்தைச் சின்னதாக்குவார்கள் அல்லது அர்த்தத்தை வெட்டுவார்கள். இதையெல்லாம் தெரியாமல் ஒவ்வொரு தூணுக்கும் மல்லிகைக்கும் பொருள் சொன்னால் மாணவர்கள் இல்லாததைக் கண்டுபிடிக்கப் பழகுவார்கள். அது எனக்குக் கவலை.

வாவிக்கரை

தம்பி, நீங்கள் சொன்ன தகவல் பெறுமதியானது, மகள் அதை ஒப்படையில் சேர்க்க வேண்டும். ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கத்துக்கும் சாட்சி. ஏன் தமிழுக்கு மட்டும் புதிதாகப் படம் பிடிக்கக் காசில்லை? ஏன் தமிழ் கடைசியில் வருகிறது? யாரும் கெட்ட எண்ணத்தோடு உட்கார்ந்து செய்யவில்லை என்பது உண்மை. அப்படி யாரும் நினைக்காமலேயே நடப்பதைத்தான் ஹோல் சட்டகம் என்கிறார்: செய்பவர்களின் தொழில் வழக்கமும் அறிவும் வசதியும் குறியாக்கத்துக்குள், அதாவது பொருளைப் படமும் எழுத்துமாக ஆக்கும் வேலைக்குள், போய்விடுகின்றன. எண்ணம் இல்லாவிட்டாலும் பக்கத்தில் பொருள் இருக்கும். வாசகர் அந்த அவசரத்தைப் பார்ப்பதில்லை, பக்கத்தைத்தான் பார்க்கிறார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். "அவர்கள் வேண்டுமென்று இப்படிச் செய்தார்கள்" என்று மாணவர் எழுதக்கூடாது. "பக்கம் இப்படிச் சொல்கிறது" என்பதோடு நிற்க வேண்டும். உங்கள் கவலைக்கு இது பதிலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, பக்கத்தில் என்ன வராமல் இருக்கிறது என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2006இல் வந்த புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபைச் சட்டத்தோடு சிகரெட், மதுபான விளம்பரங்கள் இங்கே நின்றுபோயின. நூலகம் தளத்தில் பழைய இதழ்களைப் புரட்டும்போது அவை வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஆரையூர்க்காரி

எல்லாருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்று இரவு இதழை எடுத்து எண்ணினேன். அட்டையோடு 64 பக்கம், அதில் விளம்பரம் 19. நிறத்தில் வந்த மூன்று விளம்பரங்களும் அட்டையில்தான், அச்சுக்கூடம் அண்ணன் சொன்ன மாதிரியே.

அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் விளம்பரத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டேன். அம்மா உடனே, "இவ்வளவு பால் வழிய விடுவதற்கு எத்தனை 400 கிராம் பக்கற் வேண்டும்?" என்று கேட்டார். 2021இல் பால்மாவுக்காகக் கடை கடையாக நாங்கள் அலைந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அம்மம்மா பால்மாவைக் கவனிக்கவேயில்லை. "பொங்கப் பசுப்பால் எடுக்காமல் மா கரைப்பார்களா" என்றார், பிறகு அந்தப் பெண்ணின் சேலை நல்லாயிருக்கிறது என்றார். ஹோல் சொன்ன மூன்று வாசிப்பில் (சொன்னதை அப்படியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி மறுக்கும் பேரம்பேசுதல், முழுக்க மறுக்கும் எதிர்ப்பு) அம்மாவுடையது பேரம்பேசும் வாசிப்பு, அம்மம்மாவுடையது எதிர் வாசிப்பு என்று போடலாமா?

முதல் பந்தியை மாற்றி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"விளம்பரத்தில் பால் பொங்கும் பாத்திரம் மண்பானையாக இருப்பதால், தொழிற்சாலையில் தூளாக்கப்பட்ட பொருள் முற்றத்தில் கறந்த பாலின் இடத்தைப் பிடிக்கிறது. 'நேசம் பொங்கட்டும்' என்ற தலைப்பு, வழியும் பாலைத் தாயின் அன்பாக வாசிக்கச் சொல்கிறது. தாயும் பிள்ளைகளும் பானையைச் சுற்றி ஒட்டி நிற்க, தந்தை தூணடியில் விலகி நிற்பதால், அன்பைக் காய்ச்சிக் கொடுப்பது தாயின் வேலையாகவும் அதைப் பார்த்திருப்பது தந்தையின் உரிமையாகவும் ஆகிறது. ஆனால் காய்ந்த முற்றமும் கல்தூணும் மட்டக்களப்பின் தை மாதத்தில் இல்லை. கிழக்கிலங்கை வாசகி இந்தப் படத்தில் தன் வீட்டைக் காணவில்லை, தன் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று வேறொருவர் நினைத்ததைக் காண்கிறாள்."

வாவிக்கரை

மகள், இது பகுப்பாய்வு. இரண்டு திருத்தம் மட்டும். "உரிமை" என்ற சொல்லுக்குப் படத்தில் சான்று வேண்டும். அவர் சிரிக்கிறார் என்று சொன்னீர்கள், கைகள் எங்கே இருக்கின்றன, கண் எங்கே பார்க்கிறது என்று பார்த்து எழுதுங்கள். கண் எங்களைப் பார்த்தால் ஒரு பொருள், மனைவியைப் பார்த்தால் வேறு பொருள்.

அம்மாவுடையது பேரம்பேசும் வாசிப்பு, சரி. அவர் பொங்கலுக்குப் பால்மா என்பதை ஏற்றுக்கொண்டு விலையில்தான் நிற்கிறார். அம்மம்மாவை அவசரப்பட்டு ஒரு பெட்டிக்குள் போட வேண்டாம். மா கரைப்பதை மறுக்கிறார், சேலையை விரும்புகிறார், இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நிமிடத்தில். ஹோல் அதைத் தொலைக்காட்சியை வைத்து 1973இல் எழுதியவர், மூன்றும் மூன்று வகை ஆட்கள் என்று நினைத்தால் பிழையாகிவிடும். அம்மம்மா சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.

சம்மாந்துறை வாசகி

என்னிடம் போன வருட நோன்புச் சிறப்பிதழ் ஒன்று இருக்கிறது, பின்னட்டையில் அதே மாதிரி ஒரு பால்மா விளம்பரம், பொங்கல் பானைக்குப் பதிலாகப் பள்ளிவாசல் மினாரும் பேரீச்சம்பழத் தட்டும், அங்கேயும் வாப்பா பின்னால்தான் நிற்கிறார். படமெடுத்துப் போடுகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் நல்லது, உங்கள் ஒப்படைக்குப் பிறகு நானும் அதை வாசிக்க ஆசை.

அச்சுக்கூடம்

இரண்டு படத்தையும் உண்மை நிறத்தில் அச்செடுக்க வேண்டுமென்றால் பிரெஸ்ஸுக்கு வாருங்கள் தங்கச்சி, சனிக்கிழமை மத்தியானம் வரை நிற்பேன். போட்டோக் கொப்பியில் கொடுத்தால் அந்தச் சிவப்பு சாம்பலாகத்தான் வரும்.